கண்வழி வந்த நம்பிக்கை

ஞாயிறு திருப்பலியில் கோவிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரை நாம் கண்டிருக்கக்கூடும். அனைவரும் எழும்போது அவரும் எழுவார். ஆனால் ஒரு கணம் தாழ்ந்தே எழுவார். முன்வரிசையினர் எழுவதைக் கண்ட பிறகே எழவேண்டும் என்பது அவருக்குத் தெரியவரும். நற்செய்தி வாசிக்கப்படுகையில் அவர் கண்கள் வாசிப்பவரின் உதடுகளை நாடும். அந்த உதடுகளை ஒலிவாங்கி மறைத்திருக்கும். மறையுரையில் மக்கள் நகைக்கும்போது, காரணம் அறியாமலே அவரும் புன்னகைப்பார். 'கண்களை மூடிச் செபிப்போம்' என்று குரு அழைப்பார். நம்மை உள்முகமாகத் திருப்பும் அந்தச் செயல், அவருக்கோ எஞ்சியிருந்த ஒரே சன்னலையும் அடைப்பதாகிவிடும்.

அவர் காது கேளாதவர். திருமுழுக்குப் பெற்றவர், நம்மைப் போலவே கிறிஸ்துவின் மறையுடலின் உறுப்பு. ஆயினும் அவர் திருப்பலியில் பங்குபெறுகிறாரா, அல்லது பங்குபெறுவோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இக்கேள்வி இன்று எழுந்ததன்று. ஏறத்தாழ பதினாறு நூற்றாண்டுகளாகத் திருச்சபையைத் தொடர்ந்து வந்த கேள்வி இது. அதன் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் வியப்பான ஓர் உண்மை புலப்படுகிறது. 'நம்பிக்கை செவிவழியே வரும்' என்ற கோட்பாட்டினால் காது கேளாதோருக்குக் கதவு அடைபட்ட காலங்களிலும், உடலால் செபிக்கும் நம் வழிபாட்டு மரபு அக்கதவை முழுதும் மூடவிடாமல் ஒரு விரற்கடை திறந்தே வைத்திருந்தது.

உடலால் செபித்த திருச்சபை

தமிழில் 'மெய்' என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். வாக்கு மனுவுருவானார் என்று நம்புகின்ற திருச்சபைக்கு இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டகல்வதில்லை. உங்கள் உடல் தூய ஆவியின் கோவில், எனவே உடலால் கடவுளைப் பெருமைப்படுத்துங்கள் என்று கொரிந்து நகரத்தாருக்குப் பவுலடியார் எழுதியது வெறும் ஒழுக்க அறிவுரை மட்டுமன்று. அது வழிபாட்டுக்கும் அடித்தளமாயிற்று.

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், கைகளை விரித்து உயர்த்தி நின்று செபிக்கும் உருவங்கள் வரையப்பட்டுள்ளன. அவ்வோவியங்களில் சொல் இல்லை. உடல்நிலையே செபமாக நிற்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் வீட்டுக்குள் நுழைகையிலும் வெளியேறுகையிலும், உடுத்துகையிலும், விளக்கேற்றுகையிலும் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம், இறைமகனின் தன்மையைப் பற்றிய மாபெரும் விவாதத்துக்கிடையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தக்கோஸ்து காலத்திலும் மக்கள் முழந்தாளிடாமல் நின்றே செபிக்கவேண்டும் என்று விதி வகுத்தது. உயிர்ப்பை நம்புகிறவனின் முழங்கால்களும் அந்நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்பதே இதன் பொருள்.

எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரால் வழங்கும் மறைக்கல்வி உரைகள் இன்னும் தெளிவானவை. திருமுழுக்குப் பெறுவோர் மேற்கு நோக்கிக் கையை நீட்டிச் சாத்தானை மறுதலித்தனர். பின்னர் கிழக்கு நோக்கித் திரும்பி நம்பிக்கையை அறிக்கையிட்டனர். நற்கருணை பெறும்போது அரசரை வரவேற்கும் அரியணையாக இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமினிக்கின் (சாமிநாதரின்) செபமுறைகளைத் தொகுத்தவர், அவர் சொன்ன சொற்களைவிட அவருடைய உடல் செபித்த விதத்தையே ஒன்பது வகையாகப் பிரித்து எழுதிவைத்தார்: தலைவணங்குதல், நெடுஞ்சாண்கிடையாக விழுதல், முழந்தாளிடுதல், சிலுவைவடிவில் கைவிரித்து நிற்றல் என்று அவ்வரிசை நீள்கிறது.

இவ்வளவு செழுமையான மெய்வழிபாட்டைக் கொண்டிருந்த திருச்சபையில், காது கேளாதோருக்கு எங்கிருந்து தடை எழுந்தது?

மிலானில் கண்ட இளைஞன்

தடை ஒரு வசனத்திலிருந்து எழுந்தது; சரியாகச் சொன்னால், ஒரு வசனத்தைப் புரிந்துகொண்ட முறையிலிருந்து எழுந்தது. நற்செய்தியை அறிவிப்பார் இல்லாவிடில் மக்கள் எவ்வாறு நம்புவர் என்று கேட்கும் பவுலடியார், அறிவிப்பதைக் கேட்பதாலேயே நம்பிக்கை உண்டாகும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் முடிக்கிறார். தூதர்கள் அனுப்பப்பட வேண்டியதன் தேவையே அங்குப் பேசப்படுகிறது. செவி என்னும் உறுப்பைப் பற்றிய ஆய்வு அன்று அது. ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார், ஜூலியனுக்கு மறுப்பாக எழுதிய நூலில், பிறவிச் செவிட்டுத்தன்மை நம்பிக்கைக்கே தடையாகிறது என்பதற்கு இவ்வசனத்தைச் சான்றாகக் காட்டினார். குற்றமறியாக் குழந்தைகள் ஏன் துன்புறுகின்றன என்ற விவாதத்துக்கிடையே வந்த ஒரு குறிப்பே அது. ஆனால் பேராசானின் குறிப்பு, பிற்காலத்தார் கையில் தீர்ப்பாக மாறிவிட்டது.

இதில் துயரம் என்னவெனில், அகுஸ்தினார் காது கேளாதோரை அறியாதவர் அல்லர். ஆன்மாவைப் பற்றித் தம் இளமையில் எழுதிய உரையாடலொன்றில், மிலான் நகரில் தாம் கண்ட ஓர் இளைஞனை அவர் நினைவுகூர்கிறார். தோற்றப்பொலிவும் நற்பண்பும் உடைய அவ்விளைஞன் காதும் கேளான், வாயும் பேசான். பிறர் கருத்தை உடலசைவால் அறிந்து, தன் கருத்தையும் உடலசைவாலேயே உணர்த்தினான். 'ஆசிரியர்' என்னும் மற்றோர் உரையாடலிலும், காது கேளாதோர் சைகையால் வினவுவதையும் விடையளிப்பதையும் தம் மகன் அதேயோதாத்துசிடம் எடுத்துக்காட்டுகிறார். பேச்சு ஒலியால் மட்டும் ஆனதன்று என்பதை அவர் தம் கண்ணால் கண்டிருந்தார். கண்டும், அதன் முழுப்பொருளை நம்பிக்கை பற்றிய கேள்வியோடு இணைத்துப் பார்க்கவில்லை.

மிலானில்தான் 387ஆம் ஆண்டுப் பாஸ்கா இரவில் புனித அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அந்நகரின் திருமுழுக்குச் சடங்கை அம்புரோசியாரின் உரைகள் விளக்குகின்றன. குரு திருமுழுக்குப் பெறுவோரின் செவிகளைத் தொட்டு 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படு' என்று உரைப்பார். இது மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலிருந்து வந்த சடங்கு. அங்கு ஆண்டவர் என்ன செய்தார்? காது கேளாத அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார்; காதுகளில் விரல்களை இட்டார்; உமிழ்ந்து நாவைத் தொட்டார்; வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சுவிட்டார்; அதன் பின்னரே அந்த ஒரு சொல்லைச் சொன்னார். சொல்லால் மட்டும் குணமாக்க வல்லவர், காது கேளாத ஒருவருக்கு முதலில் தம் கையாலும் கண்ணாலும் மூச்சாலும் பேசினார். தம்மிடம் வந்தவருக்குப் புரியக்கூடிய மொழியில் பேசினார் என்று கூறுவது மிகையாகாது.

சட்டம் திறந்த சிறு வாயில்

கோட்பாடு தயங்கிய இடத்தில், அன்றாட மேய்ப்புப்பணியின் தேவை முன்சென்றது. 1198ஆம் ஆண்டு சூலையில் ஆர்ல் நகரப் பேராயருக்குத் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஒரு விடை எழுதினார். காது கேளாத, வாய் பேசாத ஒருவர் திருமணம் செய்துகொள்ள இயலுமா என்பது கேள்வி. திருமணத்துக்குத் தேவை மணமக்களின் சம்மதமே. அதனைச் சொற்களால் தெரிவிக்க இயலாதவர் அடையாளங்களால் தெரிவிக்கலாம் என்பது திருத்தந்தையின் விடை. ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிப் புனித தோமா அக்குவினாரும் இவ்வாறே கற்பித்தார்: பேச இயலாதவர் எழுத்தாலோ, சைகையாலோ, மொழிபெயர்ப்பாளர் வழியாகவோ பாவங்களை அறிக்கையிட்டால் போதும், இயன்றதற்கு மேல் யாரிடமும் கேட்கப்படுவதில்லை.

ஆனால் சைகையால் சம்மதம் தெரிவிக்கவும் பாவத்தை அறிக்கையிடவும் ஒருவருக்கு முதலில் மறைக்கல்வி கிடைத்திருக்க வேண்டுமன்றோ? அக்கல்வியைக் கைகளால் கற்பிக்கலாம் என்ற எண்ணம், மௌனத்தைக் காத்த துறவிகளிடமிருந்து வந்தது.

மௌனம் வளர்த்த கைகள்

உணவு மேசையில் எதுவும் தேவைப்பட்டால் குரலால் கேளாமல் ஏதேனும் அடையாளத்தால் கேட்கவேண்டும் என்று புனித பெனடிக்ட் (ஆசீர்வாதப்பர்) தம் ஒழுங்குமுறையில் எழுதிவைத்தார். அந்தச் சிறு விதையிலிருந்து பிரான்சு நாட்டின் குளூனி மடத்தில் ஒரு சைகைத் தொகுதியே வளர்ந்தது. பதினோராம் நூற்றாண்டில் அங்குத் தொகுக்கப்பட்ட பட்டியலில் 118 சைகைகள் உள்ளன. இரு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டமாக்கினால் அப்பம். நீரில் அசையும் வாலைப் போலக் கையை அசைத்தால் மீன். பாலுண்ணும் குழந்தையைப் போலச் சுண்டுவிரலை உதட்டில் வைத்தால் பால். ஏடு புரட்டுவது போன்ற அசைவு நூலைக் குறிக்கும். தாவீது அரசரின் நினைவாகத் தலைமேல் முடிபோலக் கைவைத்தால் அது திருப்பாடல் நூல்.

இவை முழுமையான மொழி அல்ல. செவிகேட்கும் துறவிகள் தம் தாய்மொழிச் சொற்களுக்குப் பதிலாக வைத்துக்கொண்ட குறிகளே. ஆனால் அவை ஒரு பெரிய உண்மையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தன: கடவுளுக்குரிய காரியங்களைக் கையால் சொல்லலாம்; அதனால் அவை சிறுமையடைவதில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயின் நாட்டின் ஓஞா மடத்தில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி பேத்ரோ போன்சே தெ லெயோன், காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். வெலாஸ்கோ என்னும் உயர்குடியின் இரு பிள்ளைகளான பிரான்சிஸ்கோவும் பேத்ரோவும் அவருடைய மாணவர்கள். மடத்தில் வழங்கிய சைகைப் பழக்கம் அவருக்குத் துணைநின்றிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். தம் மாணவர்கள் எழுதவும், வாசிக்கவும், பேசவும், செபிக்கவும், திருப்பலியில் பணிசெய்யவும், மறையுண்மைகளை அறியவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும் கற்றனர் என்று 1578ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் அவர் பதிவு செய்தார். பிறவியிலேயே காது கேளாதவருக்குக் கல்வி இயலாது என்ற பழைய நம்பிக்கை, ஒரு மடத்தின் சுவர்களுக்குள் அமைதியாக உடைந்தது.

கற்றவர்கள் உயர்குடிப் பிள்ளைகள். ஏழைகளுக்கு? 1605ஆம் ஆண்டளவில், ஜெனீவா மறைமாவட்டத்தின் ஆயராகிய புனித பிரான்சிஸ் சலேசியார், மார்த்தீன் என்னும் காது கேளாத ஏழைப் பணியாளர் ஒருவரைச் சந்தித்தார். அவருக்கு மறைக்கல்வி அளிக்க இயலாது என்று பிறர் கைவிட்டிருந்த நிலையில், ஆயரே சைகைகளால் சிறிது சிறிதாகக் கற்பித்து நற்கருணைக்குத் தயாரித்தார். தம் இல்லத்திலேயே பணியில் வைத்துக்கொண்டார். பேரறிஞரும் எழுத்தாளருமான அவ்வாயர் தம் பேனாவை வைத்துவிட்டு ஒரு பணியாளரின் முன் கையசைத்து நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். காது கேளாதோரின் பாதுகாவலராக அவரைத் திருச்சபை இன்றும் போற்றுகிறது.

பாரிசில் இரு சகோதரியர்

ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இக்கல்வியைப் பொதுவுடைமை ஆக்கியவர் பிரான்சு நாட்டுக் குரு சார்ல் மிஷேல் தெ லெப்பே (1712–1789). 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் அவர் ஒரு வீட்டுக்குச் சென்றார். தையல் வேலையில் இருந்த இரு பெண்கள் அவருடைய கேள்விகளுக்கு விடையளிக்கவில்லை. சற்றுநேரத்தில் வந்த தாய்தான் இருவரும் காது கேளாதவர்கள் என்று கூறினார். படங்களைக் காட்டி அவர்களுக்கு மறைக்கல்வி அளித்துவந்த குரு ஒருவர் இறந்துபோக, அப்பணி நின்றுவிட்டிருந்தது. தாம் முயலாவிட்டால் இவ்விருவரும் கடவுளை அறியாமலே வாழ்ந்து மறைவர் என்ற எண்ணம் தம்மை உலுக்கியதாக லெப்பே பின்னர் எழுதினார்.

அவருடைய சிறப்பு, தாம் கற்பிக்கப் போனவர்களிடமிருந்து முதலில் தாம் கற்றுக்கொண்டதே. காது கேளாதோரிடையே ஏற்கெனவே ஒரு சைகை மொழி வழங்குவதை அவர் கண்டார். அதனைப் பிரெஞ்சு மொழியைக் கற்பிக்கும் ஏணியாகக் கொண்டார். தம் இல்லத்தையே கட்டணமில்லாப் பள்ளியாக்கினார். தம் முறையை 1776இல் நூலாக வெளியிட்டார். அவரிடம் குறையும் இருந்தது. பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு சைகையை அவர் புகுத்தியதால், இயல்பான சைகை மொழி சுமைதாங்க நேர்ந்தது. 1779இல் காது கேளாத நூற்கட்டுநரான பியேர் தெலோழ், தம் இனத்தாரின் சைகை மொழி தன்னளவில் நிறைவானது என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். பிறர் தம்மைப் பற்றி எழுதியதையே கண்டுவந்த ஒரு சமூகம், தன்னைப் பற்றித் தானே எழுதிய தொடக்கம் அது.

லெப்பே தொடங்கிய பள்ளி, அவர் மறைவுக்குப் பின் 1791இல் தேசிய நிறுவனமாயிற்று. அங்குப் பயின்ற லோரான் கிளெர்க் கடல் கடந்து சென்று, 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டில் பள்ளி அமையத் துணைநின்றார். 1846இல் அயர்லாந்தின் தோமினிக் சபைச் சகோதரியர் பிரான்சின் கான் நகரில் பயிற்சிபெற்று, டப்ளின் அருகே கப்ராவில் சிறுமியருக்கான பள்ளியைத் தொடங்கினர். மறைக்கல்வியும் செபமும் கைகளால் நாடுவிட்டு நாடு சென்றன. சைகைகளால் வழிபாடு நடத்தும் ஆங்கிலிக்க மரபுக் கோவில் 1852இல் நியூயார்க்கில் உருவாயிற்று. அம்மரபில் காது கேளாத ஹென்றி விண்டர் சைல் என்பவர் 1883இல் குருவானார். இதில் நம் சகோதரச் சபையினர் நமக்கு முன்சென்றனர் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

மீண்டும் மிலான்

1880 செப்டம்பரில், காது கேளாதோர் கல்வியாளர்களின் அனைத்துலக மாநாடு கூடியது. கூடிய இடம் மிலான்! அகுஸ்தினார் அவ்விளைஞனைக் கண்ட அதே நகரம். 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவரே. பேச்சுமுறை சைகைமுறையினும் மேலானது என்றும், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு முறையிலேயே கற்பிக்கவேண்டும் என்றும் மாநாடு தீர்மானித்தது. தலைமை வகித்தவர் ஜூலியோ தார்ரா என்னும் குரு. சைகை புலன்களையும் கற்பனையையும் மட்டுமே தூண்டும், பேச்சே மனிதனைக் கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் உரிய எண்ணங்களுக்கு உயர்த்தும் என்பது அவர் வாதம்.

அவரும் அவரோடு இருந்தோரும் தீய நோக்கினர் அல்லர். பிள்ளைகள் உலகோடு பேசவேண்டும் என்றே விரும்பினர். ஆனால் விளைவு கொடியதாயிற்று. பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி வெளியேற்றப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். குழந்தைகள் கைகளைக் கட்டிக்கொண்டு, பிறர் உதடுகளை உற்றுநோக்கி, தாம் ஒருபோதும் கேட்டிராத ஒலிகளை எழுப்பப் பல ஆண்டுகள் செலவிட்டனர். நூறாண்டுகள் சைகையால் கற்பித்த கப்ராவிலும் சிறுமியர் பள்ளி 1946இலும் சிறுவர் பள்ளி 1957இலும் பேச்சுமுறைக்கு மாறின. தவக்காலத்தில் இனிப்பைத் துறப்பதுபோலச் சைகையையும் துறக்குமாறு தாங்கள் தூண்டப்பட்டதாக அக்கால அயர்லாந்து மாணவர் சிலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

ஒரு குழந்தை தன் தாய்மொழியைப் பாவமென எண்ணித் துறந்தது! இவ்வரலாற்றில் நம்மைத் தலைகுனிய வைக்கும் பக்கம் இதுவே. கைவிரித்துச் செபித்த திருச்சபையின் மக்களே, குழந்தைகளின் கைகளைக் கட்டச் சம்மதித்தனர். உடலின் அசைவு ஆன்மாவுக்குக் கீழானது என்ற எண்ணம் எங்கெல்லாம் தலைதூக்குகிறதோ, அங்கெல்லாம் மனுவுருவேற்பின் மறைபொருள் சற்றே மறக்கப்படுகிறது.

மிலான் மாநாட்டின் வழிவந்த அனைத்துலக மாநாடு, 2010இல் வான்கூவர் நகரில் கூடியபோது, அத்தீர்மானங்களை முற்றாகப் புறக்கணித்து வருத்தம் தெரிவித்தது. அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தாய்மொழியில் திருவழிபாடு

இதற்கிடையில் இரு கதவுகள் திறந்தன. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்க அறிஞர், சைகை மொழி வெறும் அபிநயமன்று, தனக்கென அமைப்பும் இலக்கணமும் கொண்ட மொழியே என்று ஆய்வால் நிறுவினார். மற்றொரு கதவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்தது. 1963 டிசம்பரில் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, இறைமக்களின் முழுமையான, உணர்வார்ந்த, செயல்முறையான பங்கேற்பை வலியுறுத்தியது. பங்கேற்பின் வழிகளாக மக்களின் ஆர்ப்பரிப்புகளையும் பாடல்களையும் மட்டுமன்றி, செயல்களையும் சைகைகளையும் உடல்நிலைகளையும் அது குறிப்பிட்டது. மக்களின் தாய்மொழிக்கும் இடமளித்தது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். இலத்தீன் திருப்பலிக் காலத்தில் செவிகேட்ட எளிய மக்களும் பெரும்பாலும் கண்ணாலேயே திருப்பலி கண்டனர். நற்கருணைச் செபத்தைக் குரு தாழ்ந்த குரலில் சொன்னார், மொழியோ புரியாது. எனவேதான் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நற்கருணை எழுந்தேற்றம் மக்களுக்கு அத்துணை அரிய கணமாயிற்று. ஒருவகையில் செவிகேட்போரும் கேளாதோரும் அன்று சமநிலையில் இருந்தனர். தாய்மொழி வந்தபோது செவிகேட்போர்க்குத் திருப்பலி திறந்தது. காது கேளாதோர் தனித்து விடப்படும் நிலை உருவாயிற்று. ஆனால் தாய்மொழியில் வழிபடலாம் என்றால், எவருடைய தாய்மொழி கைகளில் இருக்கிறதோ அவருக்கும் அந்த உரிமை உண்டன்றோ? சங்கம் நிறைவெய்திய 1965 டிசம்பர் மாதத்திலேயே, திருவழிபாட்டுச் சீரமைப்புக்கான உரோமைக் குழு, காது கேளாதோருடன் நிகழும் திருவழிபாட்டில் மேய்ப்புப்பணித் தேவைக்கேற்பச் சைகை மொழியைப் பயன்படுத்த இசைவளித்தது.

நம் நாட்டிலும் அக்காலத்தில் உடல் வழிபாட்டுக்குத் திரும்பி வந்தது. 1969 ஏப்ரலில் உரோமை இசைவளித்த பன்னிரு அம்சத் தழுவல்களில் பல மெய்யைச் சார்ந்தவை. முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்குதல், ஐந்து உறுப்புகள் நிலந்தோய வணங்கும் பஞ்சாங்கப் பணிவு, பொருளை முத்தமிடுவதற்குப் பதில் விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல், கைகூப்பியோ பிறர் கைகளுக்குள் தம் கைகளை வைத்தோ சமாதானம் பகிர்தல் ஆகியன அவற்றுள் சில. நம் மண்ணில் பிறந்த அருட்தந்தை து.ச. அமலோர்பவதாஸ் பெங்களூர் மையத்திலிருந்து இவற்றுக்காக உழைத்ததை நாம் அறிவோம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் தாயாரின் செயலுக்கு விளக்கவுரை எவர்க்கும் தேவைப்பட்டதில்லை. ஆயினும் கைகூப்புதல் வேறு, சைகை மொழி வேறு. முன்னது எல்லார்க்கும் பொதுவான வழிபாட்டுச் செயல். பின்னது நற்செய்தியை அறிவிக்கவும், மறையுரையாற்றவும், ஐயம் கேட்கவும் வல்ல முழுமொழி. சில அசைவுகளைச் சேர்த்துவிட்டால் காது கேளாதோரின் மொழிக்கு இடமளித்துவிட்டதாக எண்ணிவிடலாகாது.

குருத்துவத்தின் வாயிலும் மெல்லத் திறந்தது. உடற்குறையுள்ளோர் பீடப்பணியாற்றத் தகுதியுடையவரா என்று ஐயுற்றது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. 1977இல் அமெரிக்காவில், பிறவியிலேயே காது கேளாத தாமஸ் காஃப்லின் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 2009 நவம்பரில், காது கேளாதோரைப் பற்றிய அனைத்துலக மாநாடு வத்திக்கானில் கூடியது. அதற்கு இடப்பட்ட பெயர் 'எப்பத்தா'. 2024 மே மாதத்தில், நமக்கு அண்டையிலுள்ள திருச்சூரில், திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம் இந்தியாவின் முதல் காது கேளாத குருவானார். 'இது என் உடல்' என்று கைகளால் சொல்லும் ஒருவர் நம் நாட்டுப் பீடத்தில் நிற்கிறார்.

நம் முன் உள்ள பணி

சட்டம் திறந்துவிட்டது, கோவில் திறந்துவிட்டதா? சில எளிய காரியங்களை எண்ணிப் பார்ப்போம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தடுப்பையும் கம்பிவலையையும் வகுத்தளித்தவர், பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமேயு. அது கண்ணியத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கையால் பேசுபவருக்கு அத்தடுப்பு வாயைப் பொத்துவதாகும். திறந்தவெளியில் கையால் அறிக்கையிட்டாலோ, அம்மொழி அறிந்தவர் தொலைவிலிருந்தே பாவத்தைக் 'கேட்டுவிடுவர்'. சன்னலற்ற, வெளிச்சமுள்ள ஓர் அறை போதும். பாஸ்கா இரவின் இருளில் புகழுரை பாடப்படும்போது, நமக்கு இருள் அழகு. அவருக்கு அது மௌனம். மொழிபெயர்ப்பவரின் கைகள்மேல் ஒரு விளக்கு போதும். அவரைத் தூண் மறைவில் நிறுத்தாமல் வாசக மேடையருகே நிறுத்துவதும், கண்ணால் கேட்போருக்கு முன்வரிசையை ஒதுக்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. குருமாணவர் பல மொழிகள் கற்கின்றனர். அவற்றுள் ஒன்று கைகளின் மொழியாக இருத்தல் ஆகாதா?

அனைத்துக்கும் மேலாக, காது கேளாதோரை நம் இரக்கத்தின் பொருளாக மட்டும் காணும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. அவர்கள் செபிக்கையில் உதடு மட்டும் அசைந்து மனம் வேறெங்கோ அலைவது எளிதன்று. முகமும் கண்ணும் தோளும் கையும் சேர்ந்தாலன்றி அம்மொழியில் ஒரு சொல்லும் உருவாவதில்லை. சங்கம் கேட்ட முழுமையான பங்கேற்பு என்பது வேறென்ன?

இயேசுவின் திருப்பெயரைப் பல நாட்டுக் காது கேளாதோர் எப்படிச் சொல்கின்றனர் தெரியுமா? ஒரு கையின் நடுவிரலால் மறு உள்ளங்கையைத் தொடுவர். பின்னர் மறுகையால் அவ்வாறே செய்வர். ஆணிகள் பாய்ந்த இடத்தைத் தொடுவதே அப்பெயர். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் சீடர் நடுவே வந்து நின்றபோது, அவர்களுக்குக் காட்டியதும் அக்கைகளையே. அவர்கள் கண்டார்கள், மகிழ்ந்தார்கள், நம்பினார்கள்.

வரும் ஞாயிறன்று, ஒரு கணம் தாழ்ந்து எழும் அச்சகோதரரின் அருகில் நாம் அமர நேரிட்டால், 'எப்பத்தா' என்ற சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். திறக்கப்பட வேண்டியவை அவருடைய செவிகள் மட்டுமா?